நோஞ்சானில் முதலில் ஓடட்டும்

இன்று காலை உன் வீட்டு மிளகு அறையில் உட்கார்ந்து நோஞ்சானை இயக்கினேன். அந்தப் பழைய கணினிக்கு நீ வைத்த பெயர்தான். விசிறி சுற்றத் தொடங்கியதும் சூடான காற்றோடு மிளகு நெடி வந்து தும்மினேன். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. நெடி மட்டும் போகவில்லை.

மலைமேல் வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில், அங்கிருந்த கணினிகளைப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். பாதியில் லினக்ஸ் ஓடியது. மீதி கிழடுகள், பி.எஸ்.டி. என்கிற இன்னொரு கட்டற்ற இயங்குதளம்தான் அவற்றுக்குத் தாங்கும். ஒரே தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவ இரண்டு விதமாக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சென்னை வேலையை விட்டு மலைக்கே திரும்பி, மகளைப் பள்ளியில் சேர்க்க வந்த நீ என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாய். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொதுக் கருவி ஒன்று இருக்கிறது, ஒரு மென்பொருளுக்கு ஒரே செய்முறை எழுதினால் எல்லா இயங்குதளத்துக்கும் அதிலிருந்தே கட்டிக்கொள்ளலாம் என்றாய். அதில் பழைய கணினிகளுக்குப் பொறுப்பாளரே நீதான் என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னாய். அப்படியோர் அழுத்தக்காரி.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இந்த அறையில்தான் நமக்கு வேலை. என் மடிக்கணினி சட்டென முடிக்கும் வேலைக்கு நோஞ்சான் மரவள்ளிக் கிழங்கு வேகும் நேரம் எடுக்கும். இருந்தும் எந்தச் செய்முறையையும் முதலில் அதில்தான் ஓட்டுவாய். "இருங்க டீச்சர், இதுல ஓடிருச்சுன்னா எதுலயும் ஓடும்," என்பாய். ஒருமுறை, நம் கணினிகளில் மட்டும் ஓடும்படி ஒட்டுப்போட்டுவிடலாமே என்றேன். உனக்கு முகம் மாறிவிட்டது.

"நமக்கு மட்டும் ஓடுற மாதிரி திருத்துனா அது திருத்தமில்லீங்க, ஒளிச்சு வெக்கறது."

உன்னைத் திட்டிக்கொண்டேதான் அன்று பஸ் ஏறினேன்.

காய்ச்சல் என்று நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன மாதம் அந்தப் பொதுக் கருவியை நடத்தும் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. பொறுப்பாளர் இல்லாததால் பழைய கணினிகளுக்கான ஆதரவு அடுத்த வெளியீட்டோடு நிறுத்தப்படுமாம். பழசைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குவதே நல்லது என்று ஒருவர் அக்கறையாக எழுதியிருந்தார். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் உட்காருவது அந்தப் பழசுகளின் முன்னால்தான். பொறுப்பாளர் இருக்கிறார் என்று பதில் எழுதினேன். உன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். அப்படியானால் எல்லாச் செய்முறைகளும் பிழையில்லாமல் ஓடுவதைக் காட்டுங்கள் என்றார்கள்.

தமிழ்த் தட்டச்சுதான் இடறியது. லினக்ஸில் மட்டும் இருக்கும் ஒரு கட்டளையை யாரோ பொதுச் செய்முறைக்குள் எழுதிவிட்டிருந்தார்கள். நமக்கு மட்டும் ஒட்டுப்போட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். நீ விட்டால்தானே. எல்லா இயங்குதளத்திலும் இருக்கும் கட்டளையைக் கொண்டு அந்த இடத்தை மாற்றி எழுதி, நோஞ்சானில் ஓட்டிப் பார்த்து, குழுவுக்கே அனுப்பினேன். வேறோர் இயங்குதளக்காரர், தன்னிடமும் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, இப்போது ஓடுகிறது என்று எழுதினார்.

இன்று காலை திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆதரவு தொடர்கிறது. அதைப் படித்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் வந்து தயங்கி நின்றார்.

"ஊட்ல எடமில்லீங்க டீச்சர். புது மொளகு வந்துரும். இத எடைக்குப் போட்டுரலாமுங்களா?"

பள்ளிக்கு வேண்டும் என்றேன். அவரே சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இதோ, என் மடியில் இருக்கிறது. பழசை நிறுத்து என்று இனி யாருக்காவது தோன்றினால், இத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, என் பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லட்டும். அதுவரை எதுவானாலும் முதலில் நோஞ்சானில்தான் ஓடும்.