வடத்தில் உட்கார்ந்தவள்

அக்கா,

காலையிலிருந்து வீடெல்லாம் ஈரத்தோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை. மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலின் தோலுக்கு எண்ணெய் போட்டு வாசலில் காய வைத்திருக்கிறார்கள். இந்த வாடை மூக்கில் ஏறினால் உங்கள் நினைவு வரும். நினைவுக்கு முன்னால் கோபம் வரும். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

அந்தக் கோடையில் உங்கள் வீட்டுக்காரர் பாம்பு கடித்து இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவருடைய தம்பி, என்னைக் கட்டியவர், மேட்டூர் அணை வேலைக்குப் போயிருந்தார். பாகம் பிரிந்துவிட்டோம். எனக்கு அவருடைய கூலி வந்தது, உங்களுக்குப் புதிதாய் நட்ட கேழ்வரகுதான். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வருஷத்துக் களி அதிலிருந்துதான் வரவேண்டும். பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான கிணற்றில் உங்கள் முறை வரும், மாடும் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது. கேட்ட வீட்டிலெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

பயிர் வெளுக்கத் தொடங்கியதும் நீங்களே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மாடுகளைப் பூட்டினீர்கள். ஆண்கள் செய்வதுபோல வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, மாடுகளைச் சரிவில் இறக்கினீர்கள். சால் ஏறி வந்து தொட்டியில் கொட்டியது. மடை திருப்ப நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போனபின் அன்றுதான் உங்கள் பல்லைப் பார்த்தேன்.

பெண் வடத்தில் உட்கார்ந்தால் ஊற்று அடங்கிவிடும் என்பது நம் ஊர்ப் பேச்சு. அந்த வாரமே ஊற்று அடங்கியது. ராசிபுரம் வரைக்கும் கிணறுகள் வறண்டு கிடந்தன. அங்கெல்லாம் எவள் போய் உட்கார்ந்தாள்? இதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மிச்சமிருந்த தண்ணீரில் உங்கள் முறையை நிறுத்திவிட்டார்கள்.

ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு வந்து தயவாகத்தான் பேசினார். "ஈரத்துணியோட கெணத்தைச் சுத்தி வந்து, தப்புன்னு சொல்லிப் பொங்க வெச்சுப்போடு ஆத்தா. எம்பட ஆளை உட்டு எறச்சுத் தாரேன்" என்றார். அந்த ஆள் அதுவரை எங்கே போயிருந்தான்? நீங்கள் வீடு வீடாய்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஆள் கேட்டு நின்றபோது அவன் அவர் தொழுவத்தில் சும்மாதானே உட்கார்ந்திருந்தான்?

அன்று சாயங்காலம் கொல்லிமலைப் பக்கம் கறுத்தது. ஒரு நாள் பொறுங்கள் என்று உங்களிடம் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. விடிந்ததும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அத்தனை பேருக்கும் முன்னால் கிணற்றைச் சுற்றி வந்து தப்பு என்று சொன்னீர்கள். அன்று உச்சிப் பொழுதிலேயே மழை அடித்து ஊற்றியது.

பயிர் பிழைத்தது. ஊர் ஜெயித்தது. கண்டிப்பு இல்லாமல் மழை வருமா என்று பெரியவர் மீசையைத் தடவினார். இன்று வரைக்கும் புதிதாய் வரும் மருமகள்களுக்கெல்லாம் உங்கள் கதையைச் சொல்லித்தான் கிணற்றடியைக் காட்டுகிறார்கள். போன வாரமும் ஒரு பெண்ணிடம் சொன்னார்கள். "மழை மொத நாளே மலையில நின்னுதுங்க, நான் பார்த்தேன்" என்று நான் குறுக்கே சொன்னேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பதுபோலப் பார்த்தார்கள்.

அவர்கள் கிடக்கட்டும். எனக்கு உங்கள் மேல்தான் கோபம் அதிகம். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அவர்கள் முகத்தில் கரி பூசியிருக்கலாம். இதை மனசுக்குள் உங்களிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஆனால் கத்தி முடித்ததும், அன்று ஈரத்தலையோடு வாசல்படியில் நின்று நீங்கள் என்னிடம் கேட்டது காதில் விழுகிறது.

"மழ வராமப் போனா காயறது உம்பட பயிரா கண்ணு?"

இல்லை அக்கா. காய்ந்திருந்தால் உங்களுடையதுதான்.