கண்ணாடி ஏற்றாத ஜீப்

செவ்வாய், இரவு.

பதுளையில் கடை வைத்திருக்கும் செல்வம் இன்று ஜீப் வாங்கினான். பழைய சொகுசு ஜீப்கள் இரண்டைக் காட்டி, எதை எடுக்கலாம் என்று என்னிடம் கேட்டான். வெள்ளையின் அடியில் துரு. கறுப்பு நன்றாக ஓடியது. கறுப்பை எடு என்றேன்.

“வெள்ள எங்க தோட்டத்துத் தொரை வச்சிருந்ததுண்ணே. இது வந்தா எங்கப்பா தலைத்துண்ட அவுத்துட்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நிப்பாரு.”

வெள்ளையையே எடுத்தான்.

தோட்டத்து லய வீட்டில் இருக்கும் அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்று நேரே லுணுகலைப் பக்கம் விட்டான். லயத்துக்குத் திரும்பும் வளைவில், தேயிலைக் கொழுந்துப் பையோடு வந்த ஒரு பெண் ஜீப்பைக் கண்டதும் கானுக்குள் இறங்கி நின்றாள். செல்வம் பிரேக் போட்டுக் கறுப்புக் கண்ணாடியை இறக்கினான்.

“அக்கா, நான்தான்!”

“அடப்பாவி, பெரிய தொரை திரும்பி வந்துட்டாருன்னுல்ல நெனச்சேன்!”

அவனுடைய அக்கா சிரித்துக்கொண்டே கானிலிருந்து மேலே ஏறினாள். அவன் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பசறை வரை மழை. நான்கு கண்ணாடிகளும் இறங்கியே இருந்தன.

“சீட்டெல்லாம் நனையுதுடா” என்றேன்.

“நனையட்டும்ணே. உள்ள யாருன்னு தெரியணும்.”

உடம்பு அசதியாக இருக்கிறது. கொடியில் போட்ட சட்டை இன்னும் சொட்டுகிறது.