சாயங்காலம் வந்துவிடுவாள்

நரன்ஹால்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள நார்சிசாவுக்கு,

உன் கணவன் ஹோல்கர் எழுதுவது. நானும் நாயும் படகும் சுகம். கூரை இன்னும் ஒழுகுகிறது. இத்தாலியில், ஜெனோவாவில் நீயும் சுகமாக இருப்பாய். எவ்வளவு சுகமாக இருக்கிறாய் என்பதுதான் நேற்றிலிருந்து என்னைக் குடைகிறது.

போனை விட்டுவிட்டுக் காகிதத்தை ஏன் எடுத்தான் என்று நினைப்பாய். நேற்றுச் சாயங்காலம் மூன்று தடவை கூப்பிட்டேன், இன்று காலை இரண்டு தடவை. மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. ஏழு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நீ போனை எடுக்காமல் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக் கிளோத்தில்டே அக்காவின் மகள் வியாழக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தால் நீ வாங்காமல் இருக்க முடியாது அல்லவா? அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று எட்டுப் பேர் சுற்றிப்பார்க்க வந்தார்கள். காலையில் அலையாத்திக் காட்டுக்குள் படகு, மதியம் உன் அப்பா வைத்த கொக்கோத் தோட்டம், அங்கேயே சாப்பாடு, பிறகு குவாயாகிலுக்குத் திரும்பும் வண்டி. நீ போன பிறகு தொடங்கிய ஏற்பாடு என்றாலும், போனில் நான் சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடமாகியிருக்கும். அந்த எட்டுப் பேரில் ஒருவன் தனியாக வந்திருந்தான். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த தொப்பி, தோளில் ஒரு பை. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். படகில் ஏறியதும் முன்பக்கம் நல்ல இடம் காலியாக இருக்க, பின்னால் வந்து இயந்திரத்துக்குப் பக்கத்தில், புகையில், என் முழங்கால் இடிக்கிற இடத்தில் உட்கார்ந்தான். அப்போதே எனக்கு மூக்கு வியர்த்தது.

நீர் ஏறும் நேரம். சின்ன ஓடைக்குள்ளும் படகு போகும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது. ஊளைக்குரங்குகள் கத்த ஆரம்பித்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு கனடாக்கார அம்மாளின் கண்ணாடி தண்ணீரில் விழுந்தது, அதற்கு ஒரு கூச்சல். இவன் மட்டும் குரங்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். இளஞ்சிவப்புக் கரண்டிவாயன் கூட்டமாக எழுந்து பறந்தபோதும் என் கையை, சட்டையை, செருப்பைப் பார்த்தான். காசு கொடுத்துக் காட்டுக்கு வந்தவன் படகுக்காரனின் செருப்பைப் பார்ப்பானா?

பிறகு பேச்சுக் கொடுத்தான். நம் மொழியைத்தான் பேசினான். அதிலும் புத்தக மொழி இல்லை, நம் கரைக்காரர்களைப் போல வார்த்தையின் வாலை விழுங்கிப் பேசினான். "கேப்டன், வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டான். "நானும் எம் பொண்டாட்டியும்தான்" என்றேன். "அவங்களப் பாக்கலாமா?" என்றான். "சந்தைக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்துருவா" என்றேன்.

நாம் பேசிவைத்த பதில்தான், நீ விமானம் ஏறுகிற அன்று எனக்கும் அக்காவுக்கும் பாடம் போலச் சொல்லிக்கொடுத்தாயே. நம் ஊர்ச் செகுந்தோ மூன்று மாதம் குவாயாகிலில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருவதற்குள் அவன் நிலத்தில் யாரோ குடிசை போட்டு, பிறகு அது இறால் குளமாகவே ஆகிவிட்டது. அதற்கப்புறம் இந்தப் பக்கத்தில் எவனும் அந்நியனிடம் நிலத்துக்குரியவள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று வாய் திறப்பதில்லை. நானும் ஏழு வருடமாக இதே பதிலைச் சொல்லி வருகிறேன். இப்போதெல்லாம் யோசிக்காமலே வந்துவிடுகிறது. அதைக் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இறால் குளத்துக்காரன் அனுப்பிய ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டத்தில் கண் வைத்தேன். வழக்கம்போல ஒரு கொக்கோக் காயைப் பிளந்து எல்லோருக்கும் கொடுத்தேன். புதிதாக வருகிறவர்கள் வெள்ளைச் சதையோடு விதையையும் கடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள், நானும் அக்காவும் சிரிப்போம். ஏழு பேர் கடித்தார்கள், ஏழு பேரும் துப்பினார்கள். இவன் கடிக்கவில்லை. சதையைச் சப்பிவிட்டு விதையைக் கீழே துப்பாமல், பிளந்த ஓட்டுக்குள்ளேயே பத்திரமாகத் திரும்ப வைத்தான். புளிக்கவைக்கிற விதையை மண்ணில் போடக்கூடாது என்று இத்தாலிக்காரனுக்கு யார் சொன்னது?

இத்தாலிக்காரன் என்று எப்படித் தெரியும் என்கிறாயா? சாப்பாட்டில் தெரிந்தது. அக்கா நண்டு வைத்திருந்தாள். எல்லோரும் மரச்சுத்தியலால் ஓங்கி அடித்து மேலெல்லாம் தெறிக்க வைத்துக்கொண்டிருக்க, இவன் கைத்துணியை எடுத்து நண்டுக் கொடுக்கின்மேல் போர்த்தி, மெதுவாக ஒரே ஒரு தட்டு. ஒரு சொட்டு தெறிக்கவில்லை. நார்சிசா, இந்தக் கடற்கரை முழுவதும் தேடினாலும் நண்டுக்குப் போர்வை போர்த்துகிறவள் நீ ஒருத்திதான். "உம் பொண்டாட்டி நண்டத் தூங்கவச்சுல்ல கொல்றா" என்று என் அண்ணன்மார் உன்னை எத்தனை கேலி செய்திருக்கிறார்கள்!

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர்களைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண்ணிடம் பெயர்ப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். கொர்ராடோ, இத்தாலி.

ஒவ்வொரு வாரமும் போனில் இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்திருக்கிறது. நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகன் கொர்ராடோ மருந்து வாங்கி வந்தார். கொர்ராடோ கணப்பை ரிப்பேர் செய்தார். பாவம் கொர்ராடோ, மோட்டார் சைக்கிளில் விழுந்ததிலிருந்து காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அந்த உத்தமர் கடல் தாண்டி என் வீட்டுக்கே வருகிறார் என்று மட்டும் ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அவனும் தான் யார் என்று சொல்லவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் எப்படிச் சிரித்திருப்பான்!

சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. "ஓ, நீதானா அது" என்று நானாகக் கேட்டால் தோற்றவன் நான்தான் என்று ஆகிவிடாதா? சாப்பிட்ட பிறகு அவன் கொக்கோ காயும் களத்துப் பக்கம் போய், துணிக்கொடி அருகே வெகுநேரம் நின்றான். காய்கிற துணியில் என்னத்தைக் கண்டானோ. பிறகு சமையலறைக்குள் எட்டிப் பார்த்து அக்காவிடம் ஏதோ கேட்டான். எல்லோரும் அரைத்த சாக்லேட்டைக் குடித்துக்கொண்டிருக்க, இவன் கோப்பையைத் தொடாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டான்.

எதற்கு வந்தான் நார்சிசா? தூக்கிக்கொண்டு போகுமுன் பெண்ணின் புருஷன் எப்படிப்பட்டவன், நிலம் எவ்வளவு என்று பார்த்துப் போக வந்தானா? அவன் போன அன்று சாயங்காலத்திலிருந்து நீ போனை எடுக்கவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா? மழுப்பாமல் எழுது. இதற்குமேல் இன்று என்னால் முடியாது.

செவ்வாய்க்கிழமை மதியம்

மேலே எழுதியதைக் கிழித்துப் போட இரண்டு தடவை கையை ஓங்கினேன். கிழிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட மடையன் என்று உனக்குச் சாட்சி வேண்டும் அல்லவா, அது இருக்கட்டும்.

இன்று காலை கிளோத்தில்டே அக்கா மகளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். உனக்குக் கொடுக்கக் கொக்கோ உருண்டைகளைக் கொண்டுபோனேன். சனிக்கிழமை வந்தவனைப் பற்றி அவளாகவே எடுத்தாள். "தம்பி, அந்த நொண்டிக்கால் ஆளு நிலம் புடிக்கிறவன்தான், சந்தேகமே இல்ல. எங்கிட்ட வந்து, அந்தக் கொடியில தொங்குற மஞ்சக் கவுனு யாருதுன்னு கேக்குறான். நான் விடுவனா? வீட்டம்மாவோடதுதான், இப்பத்தான் சந்தைக்குப் போனாங்க, சாயங்காலம் வந்துருவாங்கன்னு அடிச்சு விட்டேன். பேயறைஞ்ச மாதிரி நின்னான். கையில ஒரு பொட்டலம் வச்சிருந்தான், அத அப்படியே பைக்குள்ள திருப்பி வச்சுக்கிட்டான்" என்று ஏதோ கோட்டையைக் காத்தவள் மாதிரிச் சிரித்தாள்.

அங்கேயே, அவள் வாசற்படியில், உட்கார்ந்துவிட்டேன். "என்ன தம்பி, மயக்கமா?" என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

நார்சிசா, அவனை அனுப்பியது நீதான், இல்லையா? ஜனவரியில் நீ எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது. கிழவியம்மாள் இந்த வருடம் தாண்ட மாட்டாள், அதற்குப் பிறகு ஊருக்கு வந்துவிடட்டுமா, இல்லை வேறு வீட்டில் வேலை பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நான் "உன் இஷ்டம்" என்று இரண்டு சொல் எழுதிவிட்டு, மிச்சப் பக்கம் முழுவதும் ஒழுகுகிற கூரையைப் பற்றி எழுதினேன். வா என்று எழுத எனக்கு நாக்கில் சுளுக்கு. நான் கூப்பிட்டு நீ வராமல் போனால் என்ன செய்வது என்று பயம். அந்தப் பயத்தை நீ வேறு விதமாகப் படித்திருக்கிறாய். வீட்டில் இன்னொருத்தி வந்துவிட்டாளோ என்று பார்த்துவர, நம்பிக்கையான ஒரு ஆளை அனுப்பியிருக்கிறாய்.

அந்த ஆளிடம் நான் என்ன சொன்னேன்? நானும் என் பொண்டாட்டியும் இருக்கிறோம் என்றேன். நீ அங்கே அவன் தாய்க்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது, என் பொண்டாட்டி சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றேன். கொடியில் பெண்பிள்ளைக் கவுன் வேறு. அக்கா வேறு முத்திரை குத்தி அனுப்பினாள். உன் நிலத்தைக் காப்பாற்ற நீயே சொல்லிக்கொடுத்த பொய், உன் குடியையே கெடுத்துவிட்டது. நீ ஏன் போனை எடுக்கவில்லை என்று இப்போது புரிகிறது. இன்று மட்டும் பதினோரு தடவை கூப்பிட்டேன்.

என்மேல் இவ்வளவுதான் நம்பிக்கையா என்று உன்னைக் கேட்கலாம். ஆனால் மூன்று நாளாக நான் உன்னை என்னவெல்லாம் நினைத்தேன் என்பது மேலே இருக்கிறது. வேவு பார்க்க ஆள் அனுப்பக் கையில் வசதி இருந்திருந்தால் நானும்தான் அனுப்பியிருப்பேன். கணக்கு சரியாகிவிட்டது. அந்த நண்டு விஷயத்தை முழுவதும் மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் உறுத்துகிறது. சமைத்துப் போடுகிற வீட்டில் உடைக்கவும் சொல்லிக்கொடுத்திருப்பாய், அவ்வளவுதான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கவுன். அது உன்னுடையது. துரான் ஊர்த் திருவிழாவில் வாங்கிய மஞ்சள் கவுன், வெள்ளைக் கழுத்துப் பட்டை. மழைக்காலத்தில் அலமாரியில் இருக்கிற துணியெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது என்று உனக்குத் தெரியாதா? நீ விட்டுப்போன நான்கு கவுன்களையும் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து எலுமிச்சைச் சாறு விட்டு அலசிக் காயப்போடுகிறேன். நாளுக்கு ஒன்றுதான், நான்கையும் ஒன்றாகப் போட்டால் அக்கா கேலி செய்வாள். சனிக்கிழமை மஞ்சளின் முறை. ஏழு மழைக்காலமாக இதைச் செய்கிறேன். சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

என் பேச்சை நம்ப வேண்டாம். கவுனையே இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். இடது அக்குளுக்குக் கீழே பார். படகு ஆணியில் மாட்டி நீ கிழித்துக்கொண்ட இடம் அப்படியே இருக்கும். "நான் வந்து தைச்சுக்குறேன், நீ கைய வைக்காத" என்று போகும்போது சொன்னாய். நான் கை வைக்கவில்லை. இன்னொருத்தி இந்த வீட்டில் இருந்திருந்தால், ஏழு வருடமாகக் கிழிசலோடு விட்டிருப்பாளா?

கொர்ராடோ ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் அம்மாவுக்கு அமைதியான நாட்கள் கிடைக்கட்டும், அந்த அம்மாள் இருக்கும்வரை அருகிலிருந்து நன்றாகப் பார்த்துக்கொள். அடுத்த தடவை அவர் வந்தால் இயந்திரப் புகையில் உட்கார வேண்டாம், முன்னால் உட்காரட்டும். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. எதுவாக இருந்தாலும் நீயே கொண்டுவந்து கொடு.

இது "உன் இஷ்டம்" என்று எழுதியவன் எழுதுவது: வந்துவிடு நார்சிசா. உன் பெயர் கொண்ட நோபோல் ஊர்ப் புனிதை வழித்துணையாக இருந்து உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொருவனிடமும், சந்தைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன்,
ஹோல்கர்