டம்ளரில் குறைந்த தண்ணீர்

முருகன் துணை

காஜா பேராங், மலாக்கா
17-11-1957

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் ஏதோ முருகன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் அதுவே எங்களுக்குப் போதும். இங்கே மழை விட்டபாடில்லை, அடுப்படிக் கூரை மறுபடி ஒழுகுகிறது, மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டின தோரணத்தில் பாதி இன்னும் சந்து முனையில் நனைந்து தொங்குகிறது, கழற்றத்தான் ஆளைக் காணோம். பஸ் கம்பெனியில் எனக்குப் புதுச் சட்டை கொடுத்தார்கள், டிக்கெட் பரிசோதகர் என்று நெஞ்சில் எழுதியிருக்கிறது, கழுத்துப் பொத்தான் மட்டும் போடமுடியவில்லை. புக்கிட் பாரு பொன்னம்மா அத்தை மகளுக்குப் பரிசம் போட்டாயிற்று. உனக்கு எப்போது என்று அத்தை கேட்டாள், அவள் கொசுப் படிப்பைக் கட்டிக்கொண்டாள், அதனிடமிருந்து டைவர்ஸ் கிடைத்த பிறகு பார்க்கலாம் என்றேன். அத்தை சிரிக்கவில்லை. கூரை ஒழுகுகிறதே என்று நீ கவலைப்படாதே, ஆள் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் போடத் தாமதம் செய்தது நான்தான், தபால்காரனைத் திட்டாதே. உயிரியல் படிக்கிற மாணவர்கள் தாங்கள் படித்ததைப் படிக்காத ஜனங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற அந்தப் போட்டியில், ரேடியோவில் பேசின முதல் சுற்றில் நீ தேறிவிட்டாய், அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் கூட்டத்தின் முன்னால் அதே பேச்சைப் பேசவேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சந்தோஷம்தான் அம்மா, அதை மறைக்கமாட்டேன். கடைசியில், அம்மா கேட்டாளா, என்ன சொன்னாள், ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அம்மா கேட்டாள். நம் வீட்டில் ரேடியோ ஏது, காதர் மைதீன் மாமா கடையில்தான் எல்லாரும் கூடினோம். மாமா அரிசி மூட்டைகளை ஓரம் தள்ளி பெஞ்சு போட்டுவைத்தார், ஹலீமா மாமி எல்லாருக்கும் காப்பி கலந்தாள், உன் அம்மா கல்யாண வீட்டுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். உன் குரல் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லை. நீ நன்றாகத்தான் பேசினாய். கொசு சாக்கடையில் மட்டும் பிறப்பதில்லை, எலும்பை முறிக்கிற காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு நம் வீட்டுக்குள்ளேயே, நாம் சுத்தம் என்று நினைக்கிற தண்ணீரில்தான் முட்டை இடும் என்று நீ சொன்னபோது மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தண்ணீரில் நெளிகிற புழுவுக்கு ஜெந்திக் ஜெந்திக் என்று மலாயில் சொன்னாய் பார், தலைமுறைகளாக மலாயே பேசித் தமிழை மறந்த நம் அடுத்த வீட்டு மலாக்காச் செட்டி அம்மாள்கூடக் கைகொட்டிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்த ஒரு வீடு என்று ஆரம்பித்தாய். அந்த வீட்டில் இறந்துபோன ஒரு சிறுவனின் படத்தடியில் அவன் தாய் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறாள், தினம் அது கொஞ்சம் குறைகிறது, வெக்கையில் காற்றோடு போகிற தண்ணீரைப் பிள்ளை குடித்துவிட்டான் என்று நம்பி மேலே மேலே ஊற்றுகிறாள், கொட்டிக் கழுவுவதே இல்லை, அதற்குள் புழு நெளிவதை என் கண்ணால் பார்த்தேன் என்றாய். கடையில் ஒருவரும் உன் அம்மாவைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். போன லீவில் நீ டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு உன் தம்பி படத்தடியில் குனிந்தபோது பல்லி தேடுகிறாய் என்றல்லவா நினைத்தேன், அப்போதே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா மகளே.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. தம்பிக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து உன்னைக் குருபோங்கில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், கடைசி நாட்களில் நீ இங்கே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், காய்ச்சலில் தண்ணீர் கொடுத்தால் ஜன்னி வந்துவிடும், நாக்கை மட்டும் நனையுங்கள் என்றார்கள். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தானே. அம்மா தண்ணி, அம்மா தண்ணி என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், இவள் துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை பிழைக்கவேண்டும் என்றுதான் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். கேட்டபடியேதான் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள் அவன் பால் குடிக்கிற டம்ளரில் தண்ணீர் வைத்தாள், அடுத்த நாள் பார்த்தால் ஒரு விரல் குறைந்திருந்தது. குடித்திருக்கிறான் பாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொட்டிவிட்டு வேறு வைக்கலாமே என்று ஹலீமா மாமி ஒருமுறை சொன்னதற்கு, பிள்ளை வாய் வைத்ததை யாராவது கொட்டுவார்களா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் வந்ததே அந்தத் தண்ணீர் குறைந்ததால்தான்.

அன்றைக்கு நான் கடையிலிருந்து வந்தபோது டம்ளரைக் கையில் ஏந்தியபடி வாசலில் நின்றாள். இதை எங்கே கொட்டுவது என்று கேட்டாள். பிறகு அவளே ஜம்பு மரத்தடியில் மெதுவாக ஊற்றினாள். அப்புறம் அழவும் இல்லை, உன்னைத் திட்டவும் இல்லை. அப்படியானால் ஒரு நாள்கூட அவன் குடிக்கவில்லையா என்று மட்டும் கேட்டாள், தம்பிக்கு வந்ததும் இந்தக் கொசுக் காய்ச்சல்தானா என்று கேட்டாள். அவனுக்கு வந்தது என்ன என்று யாருக்குத் தெரியும். நீ வரும்போது உன்னிடமும் கேட்பாள், நன்றாக யோசித்துவிட்டுப் பதில் சொல். இப்போது படத்தடியில் ஒன்றும் இல்லை. சமைக்கிறாள், கூட்டிப் பெருக்குகிறாள், அந்தப் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. வீடு எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால், மண்டபத்தில் பேசும்போது அந்த டம்ளரை மட்டும் விட்டுவிடு, பூச்சாடியோ குளிக்கிற தாழியோ உதாரணத்துக்கு வேறு ஆயிரம் இருக்கிறது, பரிசு போனாலும் போகட்டும் என்று நேற்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்து வழக்கம்போல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள், அதைக் கிழித்துப் போடுங்கள் என்றாள். மகள் சொன்னது பொய்யா, ஊரில் என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ, அந்த வீடுகளிலும் பிள்ளைகள் இருக்குமே, சொல்லட்டும் என்றாள். பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அன்றைக்கு வராத அழுகை நேற்றுத்தான் வந்தது. ஆனால் ஒரு சிறுவன், ஒரு சிறுவன் என்றாளே, யார் வீட்டுப் பிள்ளையையோ சொல்கிற மாதிரி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, கூடப் பிறந்தவன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையா, அத்தனை ஜனத்தின் முன்னால் அவன் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றாள். இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

மழையில் அலையாதே, தலையைத் துவட்டிக்கொள், ராத்திரி பட்டினி கிடக்காதே. பேசி முடித்ததும் முதல் கடிதத்தை எனக்குப் போடாதே, அம்மா பெயருக்குப் போடு, நான் படித்துக் காட்டுகிறேன். நீ நிற்கிற மேடையில் முருகன் உனக்குத் துணை நிற்கட்டும், உன் படிப்பு நாலு வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றட்டும். அவன் பெயரை வீட்டில் நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லி வருஷக்கணக்காகிவிட்டது, அதனால் முழுசாக எழுதித் தருகிறேன், அப்படியே சொல். கலியாணசுந்தரம். என் தம்பி கலியாணசுந்தரம் என்று சொல்.

உன் நலமே வேண்டும்
அப்பா சேதுராமன்