இரண்டாவது பாட்டிலைத் திறக்காதே

என் வாலுக்குட்டிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் கடையின் மூன்று சலவை மெஷின்களும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நடு மெஷின் மட்டும் உன் அப்பாவைப் போலவே ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு பெருமூச்சு விடுகிறது, மற்றபடி குறையில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் ஐந்து மாதப் பேத்தியும் அதே மாதிரி நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேச்சோடு பேச்சாக, 'பிரசவத்தப்போ பார்சல்ல அனுப்பினியே உடம்பு கழுவுற மருந்து, ஒரு பாட்டில் தீந்துபோச்சும்மா, அதோட பேரென்ன' என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. சொல்ல வாயெடுப்பதற்குள் குழந்தை அழுதது, நீ போனை வைத்துவிட்டாய். இரண்டாவது பாட்டிலைத் திறக்காதே என்று உடனே மெசேஜ் போட்டேன், 'ஏன்மா?' என்று பதில் வந்தது. ஏன் என்பது மெசேஜில் அடங்காது. போனில் சொல்ல ஆரம்பித்தாலோ 'ஐயோ அம்மா, சும்மா இரும்மா' என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாது, உட்கார்ந்து படி.

முதலில் நல்ல செய்தி. போன வாரம் நான் சைக்கிளில் போனேன்! நம்முடைய அதே பழைய சைக்கிள்தான், பின்னால் கிளினிக்குக் கோட்டுகள் இருபத்திரண்டு, மேம்பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளாமல் மிதித்தே ஏறினேன். உன் அப்பா தன் சைக்கிளில் பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டே, 'அடியே மெதுவா போ, கோட்டெல்லாம் கசங்கிடும்' என்று கத்தினார். அவருக்குக் கோட்டைப் பற்றிக் கவலையில்லை, என்னை எட்டிப்பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். உச்சிக்குப் போய் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தேன் பார், அந்தச் சிரிப்பு சிரித்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. மூட்டு வலி, அதனால் சைக்கிளை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேனே, அது பச்சைப் பொய். என் முட்டிக்கு ஒன்றும் இல்லை.

மாதவிடாய் நின்றபோது விட்டது சனி என்று சந்தோஷப்பட்டவள் நான். துணி வாங்குவதும் ஒளிப்பதும் தேதி எண்ணுவதும் இனி இல்லை என்று உன் சித்திக்கு இனிப்புக்கூட வாங்கிக் கொடுத்தேன். ஒரு வருஷம் போனது, மெல்ல ஓர் எரிச்சல் ஆரம்பித்தது. எங்கே என்று கேட்காதே, அங்கேதான். உட்கார்ந்தால் உறுத்தும், நடந்தால் உரசும், சைக்கிள் சீட்டில் ஏறினால் மணல்தாளில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மணிக்கு இரண்டு தடவை பாத்ரூம் ஓட வேண்டியிருந்தது. மருந்துக்கடையில் நானாகவே நீர்க்கடுப்புக்கு மாத்திரை கேட்டு வாங்கி நான்கு முறை விழுங்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. சரி, எங்கேயோ அழுக்கு இருக்கிறது என்று முடிவு கட்டினேன். இருபத்தாறு வருஷம் அழுக்கோடு மல்லுக்கட்டியவளுக்கு வேறென்ன தோன்றும் சொல்? ஒருமுறை துவைத்துப் போகாத கறைக்கு நான் என்ன செய்வேன், இன்னொரு முறை துவைப்பேன். அப்படியே என்னையும் துவைத்தேன். காலையில் வாசனை சோப்பு, மத்தியானம் நீ பேர் கேட்ட அந்தப் பாட்டில் கிருமிநாசினி, ராத்திரி மறுபடியும் சோப்பு. எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு ஏன் அணையவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் சித்தியிடம் ஜாடையாகக் கேட்டதற்கு, 'அந்த வயசு தாண்டினா எல்லாம் அப்படித்தான், வெளியில சொல்லிட்டுத் திரியாதே' என்று வாயடைத்துவிட்டாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அப்படி இருந்தேன்.

இனி எழுதப்போவதை ஒரு தாய் மகளுக்கு எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீயும் ஒரு பிள்ளை பெற்றவள், அதனால் எழுதுகிறேன். உன் அப்பாவும் நானும் சேர்ந்திருப்பது எனக்கு வேதனையாகிவிட்டது, வலி உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு சில தடவை இருந்தேன், பிறகு ஏதாவது சாக்கு, தலைவலி, அலுப்பு. அவர் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாலே பயத்தில் உடம்பு விறைத்துவிடும். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு தேய்ப்பு மேஜை இருக்கிற அறைக்குப் போனார், 'முதுகுக்குத் தரைதான் நல்லதாம்' என்றார். சரி, கிழவியாகிவிட்டேன், இவருக்கும் வேண்டாமல் போய்விட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் காட்டிய மரியாதை இருக்கிறதே, ‘வாங்க போங்க’ போடாத குறைதான். டீ போட்டால் 'பரவாயில்ல, நானே எடுத்துக்கறேன்' என்பார், வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் சத்தமே இல்லாமல் என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நீயோ அந்தப் பக்கம் நிறைமாதம், உன்னிடம் என்னவென்று சொல்வேன்? அந்த நேரத்தில்தான் எனக்கே ஆகாத அந்த மருந்தை, பிரசவ உடம்பு சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டு பாட்டில் உனக்கும் கட்டி அனுப்பினேன். இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கிளினிக்கில் மசிக்கறை டாக்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், பேனா மூடியைப் போடாமல் கோட்டுப் பையில் செருகுகிற அம்மா. பதினோரு வருஷமாக அவர் இடது பைக் கறையை எடுக்கிறவள் நான், என் கஷ்டத்தை அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் கோட்டு கொடுக்கப் போனபோது உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே பேசினேன். போன தடவையும் நின்னீங்க, அதுக்கு முந்தின தடவையும் நின்னீங்க, என்ன விஷயம் என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எதால் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாகக் காலை மத்தியானம் ராத்திரி என்று பட்டியல் சொன்னேன். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். 'பட்டுத் துணிய எந்தப் பவுடர்ல மூணு வேளை அலசுவீங்க' என்றார். பட்டுக்குப் பவுடரா, அலசினவன் கையை உடைப்பேன் என்றேன். 'அப்ப இது மட்டும் என்ன சாக்குத் துணியா' என்றார்.

சோதித்துப் பார்த்துவிட்டு யோனி வறட்சி என்றார். பார், எழுதிவிட்டேன், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. மாதவிடாய் நிற்கிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் குறைந்துபோகுமாம். அந்த இடத்தை ஈரமாகவும் திடமாகவும் நெகிழ்வாகவும் வைத்திருந்தது அதுதானாம். அது குறைந்தால் தோல் மெலிந்து வறண்டு உரசினாலே கீறலாகும், பக்கத்தில் இருக்கிற மூத்திர வழியும் சேர்ந்து எரியும். அழுக்கும் இல்லை, பாவமும் இல்லை, இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் சோப்பைப் போட்டு உரித்தெடுத்தது நான்தான். இந்த வயதில் வருகிற, உடம்பு குப்பென்று வேர்ப்பது நாளாக ஆக அடங்கலாம், இது தானாக அடங்காது, ஆனால் வைத்தியத்துக்கு நன்றாக அடங்கும் என்றார். மார்பில் கட்டி கிட்டி வந்ததா, ரத்தம் உறைந்து நரம்பு அடைத்தது உண்டா, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டாவது ரத்தம் பட்டதா என்று துருவித் துருவிக் கேட்டார். ஒருமுறை பட்டது என்றதும் அதற்கென்று தனியாக அங்கேயே ஸ்கேன் எடுத்து, பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் மருந்து எழுதினார். சோப்பு நிறுத்தம், வெளியே வெறும் தண்ணீர், உள்ளே ஒன்றுமே கூடாது. ஈரம் தருகிற ஜெல் வாரத்தில் மூன்று நாள், சேர்ந்திருக்கும்போது வழவழப்புக்குத் தனி ஜெல். ஹார்மோன் கிரீம் ஒன்று, சின்னக் குழலால் உள்ளே வைப்பது, இரண்டு வாரம் தினமும், அப்புறம் வாரத்துக்கு இரண்டு தடவை. அவசரப்படாதீங்க, முழுசாகத் தெரிய மூன்று மாதம்கூட ஆகும் என்றார்.

பிறகு, வீட்டுக்காரர் எங்கே, கூப்பிடுங்க என்றாரே பார்க்கலாம்! எனக்கு உயிரே இல்லை. உன் அப்பா வாசலில் கோட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார், அப்படியே உள்ளே வந்தார். டாக்டர் எல்லாவற்றையும் அவருக்கு நிதானமாகச் சொன்னார். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, 'அப்ப என்மேல கோவம் இல்லையா' என்றார். அந்த ஒரு கேள்விதான். பத்து மாதமாகத் தேய்ப்பு அறையில் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்திருக்கிறார், இந்த மனிதர்! நான் அழுதேன், அவரும் அழுதார், கையிலிருந்த வெள்ளைக் கோட்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை மறுபடியும் துவைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே பாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மூன்றாவது வாரம் எரிச்சல் பாதியானது, இப்போது இல்லவே இல்லை என்று சொல்லலாம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் உனக்கு வேண்டாம். மருந்து வைக்கிற கிழமையை நான் மறந்துவிடுவேன் என்று கடை டெலிவரி பலகையில் 'திங்கள், வியாழன் – முதலாளியம்மா' என்று சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார். அது யாரு புது கஸ்டமர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 'ரொம்ப பழைய கஸ்டமர், விட முடியாது' என்கிறார். சித்தியையும் தரதரவென்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டேன், பாவி, அவளுக்கும் ஆறு வருஷமாக இதே தொல்லையாம்.

இத்தனை வெற்றியிலும் உனக்கு அனுப்பிய பாட்டிலை மறந்தேன் பார், ஊருக்கெல்லாம் சொன்னவள் பெற்ற மகளுக்குச் சொல்லவில்லை. டாக்டரிடம் திங்கட்கிழமையே போய்க் கேட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கும் அதே ஹார்மோன் குறைந்துதான் இருக்குமாம், இந்த வயதிலேயே வறட்சி வருமாம், பெரும்பாலும் பால் குறையும்போது சரியாகிவிடுமாம். ஆனால் என் கிரீமை நீ தொடக்கூடாது, அங்கே உன் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். எரிச்சல் இல்லாமல் ஒரு முழு பாட்டிலை எவளும் தீர்க்கமாட்டாள், நான் தீர்த்தவள், எனக்குத் தெரியும். இன்னொன்றும் அன்றைக்கு நீ சொன்னாய். மாப்பிள்ளை ஹால் சோபாவில் படுக்கிறார், குழந்தை அழுவதால்தானோ என்று பார்த்தால் அதில்லையாம், முதுகுக்கு அதுதான் நல்லதாம் என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி.

இந்த வாரமே டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. அந்த இரண்டாவது பாட்டிலால் பாத்ரூம் தரையைத் தேய், நன்றாகப் பளபளக்கும், அது அதற்குத்தான் லாயக்கு. பேத்திக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல், நூறு வருஷம் வாழ வேண்டும். டாக்டரிடம் போவதற்கு முன்னால், இன்றைக்கே, மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, உன்மேல் கோபம் இல்லை, எனக்கு வலிக்கிறது என்று சொல்லிவிடு. அவர் கேட்கும்வரை காத்திருக்காதே. உன் அப்பா கேட்பதற்குப் பத்து மாதம் ஆயிற்று.

ஏற்றத்தில் இறங்காமல் மிதிக்கிற
உன் அம்மா