நீ அடித்துவிட்ட தேற்றம்

இன்று பாடம் நடத்த வகுப்பில் பலகைப் பேனாவின் மூடியைத் திறந்ததும் அந்தக் காரநெடியில் நீ வந்துவிட்டாய். உன் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடந்ததும் இதே அறையில்தானே.

அன்று காலை நம் ஊர் பாடியிலிருந்து பேருந்தில் வந்தோம். பனாக் இயற்கணிதங்கள் என்னும் கணித அமைப்புகளில் நிறமாலையைப் பற்றியது உன் ஆய்வு. ஓர் உறுப்பிலிருந்து எந்த எண்ணைக் கழித்தால் நேர்மாறு இல்லாமல் போகுமோ, அந்த எண்களின் கூட்டம்தான் நிறமாலை. கடைசித் தேற்றத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், வானகரம் தாண்டியதும் பாதியில் நிறுத்திவிட்டாய்.

"இன்னாடி ஆச்சு?"

"உறுப்பு கொஞ்சமா நகர்ந்தா நிறமாலையும் கொஞ்சமாதான் நகரும்னு நம்பிக்கினு இருந்தேன். பெருக்குற வரிசைய மாத்துனா விடை மாறுற எடத்துல அது நிக்காதுடி. ஓட்டை கீது."

எனக்கும் உடனே ஓர் உறுப்புத் தொடர்வரிசை நினைவுக்கு வந்தது. அதில் ஒவ்வோர் உறுப்பின் நிறமாலையும் பூஜ்ஜியம் மட்டுமே. ஆனால் அவை போய்ச் சேரும் உறுப்பின் நிறமாலை அதைவிடப் பெரிது. அப்படியோர் எடுத்துக்காட்டை நாம் சேர்ந்துதான் படித்திருந்தோம்.

"ஊட்டுக்குப் போயிடலாம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

உன் உதடு வெளுத்திருந்தது. "பயமாத்தான் கீது. பயந்துகினே போலாம் வா."

தொழிற்சாலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு உன் அப்பா கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கும் முன்பே நீ சொன்னாய்: "கடைசித் தேற்றம் தவறு." அவருக்குக் கணக்கு புரியாது, 'தவறு' புரிந்தது. பாதி எழுந்து நின்றார். வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்கம்மா?"

பலகையில் தேற்றத்தை எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டாய். அந்த எடுத்துக்காட்டை எழுதினாய். வரிசை மாறினாலும் விடை மாறாத இயற்கணிதங்களில் மட்டும் தேற்றம் நிற்கும் என்று நிறுவினாய். உன் வரிகள் கீழே சரிந்துகொண்டே போயின. தேர்வாளர் எழுந்து வந்து பலகையில் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். திருத்தி எழுதித் தரச் சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

வெளியே வந்ததும் உன் அப்பா, "தப்புன்னியேம்மா, எனுக்கு உசுரே பூட்ச்சு" என்றார். நீ சிரித்தாய், அழுதாய்.

போன மழைக்காலக் காய்ச்சலில் நீ இறந்துபோன பிறகு உன் அப்பாவைப் பார்க்கும் தைரியம் எனக்கு வர வெகுநாள் ஆனது. போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் எங்கோ ஓட்டை இருக்கும் என்ற பயம் இன்னும் விடவில்லை. விரட்டவும் தோன்றவில்லை. மாணவர்கள் காத்திருந்தாலும், எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறேன்.