எஸ்துஃபா இல்லை, கொசினா

ஜூன் 3, செவ்வாய்

கேஸ் அடுப்புப் பெட்டியின் அச்சு மாதிரி மேஜைக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளராக ஸ்பானிஷில் நான் எழுதிக் கொடுத்த சொல் 'கொசினா'. அச்சில் இருப்பது 'எஸ்துஃபா'. மாற்றியவர் ஏற்றுமதி மேனேஜர். எதற்கெடுத்தாலும் "அவசரம்" என்பதால் ஆபீஸில் அவர் பெயரே அவசரம்.

"போன வருஷம் வேற நாட்டுக்கு எஸ்துஃபான்னுதானே அனுப்பினோம்? யாராவது செத்தாங்களா?"

அந்த நாட்டில் எஸ்துஃபா என்றால் சமைக்கிற அடுப்பு. இந்தச் சரக்கு போகிற குளிர் நாட்டிலோ அறையைச் சூடாக்குகிற கணப்பு; சமைக்கிற அடுப்புக்கு அங்கே கொசினா என்றுதான் பெயர். பெட்டியில் படமும் கிடையாது, பழுப்பு அட்டையில் எழுத்து மட்டும். பெயரைப் பார்த்து வாங்கி, படுக்கையறையில் பற்றவைத்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கினால்? விஷவாயு. அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

ஒப்புதல் தாளில் கையெழுத்துக் கேட்டார். மாட்டேன் என்றேன்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. பிடிச்ச முயலுக்கு மூணு கால்னு நிக்காதீங்க."

"இந்த முயலுக்கு நாலு கால்தான் சார். எண்ணிப் பார்த்துட்டேன்."

அவருக்கு முகம் சிவந்தது.

ஜூன் 6, வெள்ளி

என் கையெழுத்து இல்லாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டார்!

அண்ணன் சொல்கிறான்: "ஊர் வம்பு உனக்கெதுக்கு? வேலை போச்சுன்னா?" போனால் போகட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பயமாக இருந்தால் செய்யக்கூடாதா என்ன? சரக்கு வாங்குகிற அந்த ஊர் அம்மாவுக்கு நானே மெயில் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

பதில் வந்துவிட்டது. "இந்தப் பெயரோடு ஒரு பெட்டியும் இங்கே இறங்கக் கூடாது. போன குளிர்காலத்தில் என் தெருவிலேயே ஒரு குடும்பம் இப்படித் தூக்கத்திலேயே போனது."

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மெமோ. அனுமதி இல்லாமல் வாடிக்கையாளருக்கு எழுதியது ஏன்? ஆம், நான்தான் எழுதினேன், தேவைப்பட்டால் இன்னொரு முறையும் எழுதுவேன் என்று பதில் கொடுத்தேன். மன்னிப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். எதுக்குக் கேக்கணும்? திருடினேனா நான்?

ஜூன் 13, வெள்ளி

அச்சான பெட்டிகளில் எஸ்துஃபாவை மறைத்து நாள் முழுக்க 'கொசினா' ஸ்டிக்கர் ஒட்டினோம், பேக்கிங் பெண்களோடு நானும். அவர்களில் மூத்த அக்கா கேட்டார்: "உன் ஒரு வார்த்தைக்கு எங்க இடுப்பு ஒடியுதேடி, அதுக்கு என்னதான் அர்த்தம்?"

"அடுப்புக்கா."

"இதச் சொல்லவா இத்தன வருஷம் படிச்ச?"

சிரித்த சிரிப்பில் நாலு ஸ்டிக்கர் கோணலாகிவிட்டது.

ஜூன் 30, திங்கள்

மெமோவை அவர்கள் திரும்பப் பெறவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

காலையில் குக்கர் பெட்டியின் அச்சு மாதிரி வந்தது. எல்லாம் அச்சாகியிருக்க, பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக விட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலில் மேனேஜரின் கையெழுத்து: "இதை அங்கே என்னவென்று சொல்வார்கள்?"